மை பூசிய முகம்

வீட்டிலிருந்த பழைய பள்ளிப் படங்களைக் கொடுக்க இன்று காலை ஆவணக் காப்பகத்துக்குப் போனேன்.

அங்கே எனக்கு முன்னால் மலர் இருந்தாள். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் என்னிடம் படித்த ஜெயனின் அக்கா. ஜெயன் தொண்ணூறில் போராட இயக்கத்துக்குப் போனவன், திரும்பி வரவில்லை.

அவள் கொண்டுவந்தது ஒரு குடும்பப் படம். அதில் ஒரு முகத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்திருந்தார்கள்.

"ஆமி வருகுதெண்டு அம்மாதான் வெட்டினவ, ரீச்சர். பிறகு சாகுமட்டும், அவன்ரை முகம் ஞாபகம் வருகுதில்லை எண்டு அழுதவ."

என் கையிலிருந்த படங்களைப் பார்த்தாள்.

"உங்கடை வகுப்புப் படத்திலை அவனும் நிண்டவனெல்லே? ஒருக்கால் காட்டுங்கோ."

எடுத்துக் கொடுத்தேன். பின்வரிசையில் ஒரு முகத்தின்மேல் கறுப்பு மை.

"ஆர் ரீச்சர் பூசினது?"

"நான்தான், பிள்ளை."

தொண்ணூற்றைந்தில் ராணுவம் நெருங்க, ஊரைவிட்டுப் புறப்படும் முன் பூசினேன். படம் ஆமியிடம் அகப்பட்டால், அவனருகில் நிற்கும் மற்றப் பிள்ளைகளையும் பிடிப்பார்கள் என்று பயம். சைக்கிளில் வீடுவீடாகப் போய், படம் வைத்திருந்த எல்லோரையும் அப்படியே செய்யச் சொன்னேன்.

மலர் என்னைத் திட்டவில்லை. அந்த மையைப் பெருவிரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள்; கொஞ்சமும் அழியவில்லை.

"வடிவாய்த்தான் பூசியிருக்கிறியள், ரீச்சர்" என்றாள்.

இதை வாசிக்கும் அந்த வகுப்புப் பிள்ளைகளே, அன்று என் சொல்லைக் கேட்காமல் விட்டவர் யாராவது இருந்தால், படத்தை இந்தப் பதிவின் கீழே போடுங்கள். முப்பது வருடம் கீழ்ப்படிவைப் படிப்பித்தவள் நான். இன்று எனக்கு வேண்டியது கீழ்ப்படியாத ஒரே ஒரு பிள்ளை.