அண்ணன் கேட்டு வராத என் ஓட்டு

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரின் மற்ற பக்கங்களைக் கட்சிக்காரர்களும் நண்பர்களும் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சூட்டியிருக்கும் பட்டங்களைப் படித்திருந்தால் அண்ணன் கூச்சப்பட்டு எழுந்து உள்ளே போயிருப்பார். கூடப்பிறந்தவள் என்ற முறையில் அவர் வாழ்க்கையைப் பிறப்பிலிருந்து எழுதித் தரும்படி அண்ணி என்னிடம் கேட்டார்கள். எழுதுகிறேன். கூடவே, உறவினர்கள் முன்னால் நான் ஒத்துக்கொள்ள வேண்டிய காரியம் ஒன்றும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இதை எழுதினால் பொய் எழுதியதாகிவிடும்.

தொண்டாமுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் எங்கள் அப்பாவுக்கு இருந்த தென்னந்தோப்பில்தான் அண்ணன் பிறந்தார். தோப்பை ஒட்டிக் கொஞ்சம் வாழை. அண்ணன் பத்தாவது படிக்கும்போது யானைகள் இறங்கி அந்த வாழை முழுவதையும் மிதித்துவிட்டுப் போயின. இழப்பீடு கேட்டு அப்பா அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். மனு சரியாக இல்லை என்று ஒவ்வொரு இடத்திலும் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் அண்ணன் உட்கார்ந்து தம் கையால் ஒரு மனு எழுதினார். அது செல்லுபடியானது. அடுத்த வாரமே பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் ஆளுக்கொரு வெள்ளைத்தாளோடு எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அண்ணன் அரசியலுக்கு வந்தது கொடி பிடித்து அல்ல, மனு எழுதித்தான்.

கல்லூரிப் படிப்பை முடித்துத் துடியலூரில் பம்ப்செட் பட்டறை வைத்தார். மோட்டார் காயில் கட்ட வந்தவர்களைவிட ரேஷன் கார்டுக்கும் பட்டாவுக்கும் எழுதி வாங்க வந்தவர்கள்தான் அங்கே அதிகம் உட்கார்ந்திருப்பார்கள். மெக்கானிக்குகள் முணுமுணுப்பார்கள், அண்ணன் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். இப்படியே ஒன்றியக் கவுன்சிலர் ஆனார். பிறகு கட்சியில் சட்டமன்றத்துக்குச் சீட்டுக் கொடுத்தார்கள்.

அண்ணனின் அரசியல் கொள்கை பெரிய புத்தகம் எதிலும் இல்லை. மலையிலிருந்து வரும் ஓடைப் பள்ளங்களில் தண்ணீரை நிறுத்தினால் இந்த ஜில்லா பிழைக்கும், விட்டால் தோட்டமெல்லாம் வீட்டுமனையாகப் போகும் என்பார். ஓட்டுக்காகச் சாதிச் சங்க மேடையில் ஏறமாட்டேன் என்று சொன்னார், கடைசிவரை ஏறவும் இல்லை. அதில் எங்கள் சொந்தக்காரர்கள் பலருக்கு அவர்மேல் வருத்தம் உண்டு. நானே ஒருமுறை, எல்லோரும் போகிறார்கள், நீங்கள் மட்டும் என்ன என்று சண்டை பிடித்திருக்கிறேன். அதே அண்ணன் சட்டமன்றத்தில், தமக்குப் பிடிக்காத தீர்மானத்துக்கும் கட்சி சொன்னதற்காக மேஜையைத் தட்டினார். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை, அவரும் மறைத்ததில்லை. "தட்டுன கை இன்னும் வலிக்குது அம்மணி" என்று வீட்டுக்கு வந்து சொன்னார்.

இனி அந்தக் காரியத்துக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீடு அடுத்தவர் வீடு. காதுகுத்தானாலும் கல்யாணமானாலும் வெற்றிலை பாக்கோடு நேரில் வந்து, மாப்பிள்ளை வீட்டுப் பெரியவரிடம் சொன்னால்தான் அழைப்பு. பத்திரிகை தபாலில் வந்தால் அது அழைத்ததாகாது. நான் வாழ்க்கைப்பட்ட ஊரும் அண்ணனின் தொகுதிக்குள்தான் இருக்கிறது. அவர் முதல்முறை நின்றபோது அப்பா உயிரோடிருந்தார். வேட்புமனு கொடுத்த கையோடு அண்ணனைக் கூட்டிக்கொண்டு, தாம்பூலத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். என் பெரிய மாமனார், அதாவது என் வீட்டுக்காரரின் பெரியப்பா, தாம்பூலத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்றிலிருந்து தேர்தல் முடியும்வரை எங்கள் பங்காளிகள் அத்தனை பேரும் அண்ணனுக்காக வெயிலில் அலைந்தார்கள். அண்ணன் ஜெயித்தார்.

அந்த ஐந்து வருடத்தில் ஒரு பள்ளத்தில் தடுப்பணை கட்ட வைத்தார். மேல்புறத்துக் கிணறுகளில் தண்ணீர் ஊறியது. இன்னொரு பள்ளத்துக்கு அளவெடுத்து, கோப்பு சென்னைவரை போயிருந்தது. மறுமுறை ஜெயித்தால் முதல் வேலை அதுதான் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுமுறை நிற்கும்போது அப்பா இல்லை. அண்ணன் தாம்பூலத்தோடு வரவில்லை. வேலை மும்முரம், பிரச்சாரத்துக்கு வரும்போது வருவார் என்று வீட்டில் சொல்லி வைத்தேன். எங்கள் ஊருக்கு வரும் நாளும் வந்தது. காலையிலேயே வாசல் தெளித்துக் கோலம் போட்டு, ஆரத்தித் தட்டோடு நின்றேன். பெரிய மாமனார் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பங்காளிகள் பத்துப் பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் எங்கள் வாசலில்தான் இருந்தார்கள். அண்ணன் தெருமுனையில் ஜீப்பை விட்டு இறங்கினார். எதிர்வரிசையில் ஒவ்வொரு வாசலிலும் நின்று கும்பிட்டு ஓட்டுக் கேட்டார். எங்களோடு பேச்சுவார்த்தை இல்லாத வீட்டில்கூட மோர் வாங்கிக் குடித்தார். பிறகு ஜீப்பில் ஏறி எங்கள் வாசல் பக்கம் வந்தார்.

"அம்மணி, நேரமாயிப்போச்சு, வாரேன்" என்று சிரித்துக் கையசைத்தார். ஜீப் போய்விட்டது.

அவர் மனதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். தங்கை வீட்டில் போய் ஓட்டுக் கேட்பதா, அது நம்முடைய வீடு, கேட்டால் அவளைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகும் என்று நினைத்திருப்பார். கலியாணத்துக்குத் தாம்பூலம் வைக்க மறக்காதவர், ஓட்டுக்கு மட்டும் என் வீட்டை அவர் வீடாக நினைத்துவிட்டார். இதை நான் அந்த இடத்திலேயே பெரிய மாமனாரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆரத்தித் தட்டோடு அத்தனை பேர் முன்னால் நின்ற அவமானம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

"நம்ம வாசல்ல எறங்கறதுக்கு எம்மெல்லேவுக்கு நேரமில்லீங்களாட்ட இருக்குது" என்றார் பெரிய மாமனார். அவ்வளவுதான். சத்தம் போடவில்லை, திட்டவில்லை. எங்கள் ஊரில் மரியாதையாகப் பேசினால் கோபம் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

வாக்குப்பதிவு நாளில் எங்கள் பங்காளி வீடுகளிலிருந்து யாரும் பூத்துக்குப் போகவில்லை. எதிர்க்கட்சிக்குப் போட அவர்களுக்கு மனமில்லை, அண்ணனுக்குப் போட மானம் விடவில்லை. தோட்டத்து வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் என்னிடம், உன்னை யாரும் தடுக்கவில்லை, உன் அண்ணன், நீ போய்ப் போட்டுவிட்டு வா என்று சொன்னார். நான் போகவில்லை. அன்றைக்குப் பார்த்துப் பரண்மேல் இருந்த பாத்திரத்தையெல்லாம் இறக்கிப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஜீப் சத்தம் கேட்டால் வாசலை எட்டிப் பார்ப்பேன். அண்ணனே வந்து, ஏன் அம்மணி வரலை என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், அந்தக் கையோடு கிளம்பியிருப்பேன். பூத்து மூடும்வரை யாரும் வரவில்லை.

அண்ணன் தோற்றார். கொஞ்ச ஓட்டில் தோற்றார். எங்கள் ஊர்ப் பூத்து ஒன்று முன்போலக் கைகொடுத்திருந்தால் ஜெயித்திருப்பார் என்று கட்சிக்காரர்கள் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். அது யாருடைய பூத்து என்று எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு கட்சி அவருக்குச் சீட்டுத் தரவில்லை. இரண்டாவது தடுப்பணைக் கோப்பு சென்னையிலேயே தங்கிவிட்டது. அந்தப் பள்ளத்தை நம்பியிருந்த தோட்டங்கள் சிலவற்றில் இப்போது மனைக் கற்கள் நிற்கின்றன. அந்த வழியாக பஸ்ஸில் போகும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்புவதில்லை. அண்ணன் ஒரு முகச்சுளிப்பும் காட்டாமல் பட்டறைக்குத் திரும்பினார், மறுபடியும் மனு எழுதினார். அடுத்து அவர் மகளுக்குக் கலியாணம் வந்தபோது தாம்பூலத்தோடு முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வந்து, பெரிய மாமனாரின் காலைத் தொட்டு அழைத்தார். அவரும் கண் கலங்கி வாங்கிக்கொண்டார். தேர்தல் பேச்சை இருவருமே எடுக்கவில்லை.

எனக்குத்தான் தீரவில்லை. காரணம், விசேஷ வீடுகளில் யாராவது அந்தத் தோல்வியைப் பற்றிக் கேட்டால் அண்ணன் சிரித்துக்கொண்டு ஒரே பதிலைச் சொல்வார். "யாரு ஓட்டுப் போட்டாங்களோ, போடலையோ, என்ற தங்கச்சி ஓட்டு எனக்குத் தப்பாதுங்க." அவர் நம்பிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக் கூனிக்குறுகிப் போவேன். இன்று சொல்லிவிடலாம், நாளை சொல்லிவிடலாம் என்றே வருடங்கள் போயின.

கடைசியில் சிறுநீரகம் பழுதாகிக் கோவையில் மருத்துவமனையில் படுத்தார். பகலில் அண்ணி வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வரும்வரை நான் கூட இருப்பேன். அறையில் நாங்கள் இருவர் மட்டும்தான். ஒருநாள் துணிந்து, "ஏனுங்ணா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்" என்று ஆரம்பித்தேன். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "மொதல்ல போயிச் சாப்பிட்டுப்போட்டு வா கண்ணு, மூஞ்சி வாடிக் கெடக்குது" என்றார். போனேன். திரும்பி வந்தபோது தூங்கிக்கொண்டிருந்தார். மறுநாள் பேசும் நிலையில் அவர் இல்லை. மூன்றாம் நாள் போய்விட்டார்.

அண்ணன் படுக்கையில் கிடந்த நாளெல்லாம் எங்களுக்குத் துணை நின்றவர்களுக்குக் குடும்பத்தின் சார்பில் நன்றி சொல்ல வேண்டும். இரத்தம் கொடுக்க வரிசையில் நின்ற இளைஞர்கள், பட்டறை மெக்கானிக்குகள், பெற்ற தாயைப் போலப் பார்த்துக்கொண்ட செவிலியர்கள், தினமும் கஞ்சி கொடுத்தனுப்பிய கோட்டைமேட்டு பாய் குடும்பத்தார், மாற்றுக்கட்சியில் இருந்தும் பாடைக்குத் தோள்கொடுத்தவர்கள், எல்லோருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். காடுவரை முன்னால் நடந்த என் பங்காளி வீட்டாருக்கும் நன்றி.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்து, அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் அண்ணியிடம் படித்துக் காட்டினேன். குற்றத்தை ஒத்துக்கொண்ட பிறகாவது என்னை நாலு வார்த்தை திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவருக்குத் தெரியும் அம்மணி" என்றார்கள்.

பூத்தில் உட்காரும் கட்சி ஏஜெண்டுகள், ஓட்டுப் போட்டவர்கள் பெயரை வாக்காளர் பட்டியலில் டிக் அடித்துக்கொண்டே வருவார்கள். இத்தனை வருடம் அரசியல் வீட்டில் புழங்கியும் அது எனக்கு ஞாபகம் வரவில்லை. அன்று சாயங்காலம் பூத்து மூட ஒரு மணி நேரம் இருக்கும்போது எங்கள் ஊர் ஏஜெண்டு அண்ணனுக்குப் போன் செய்திருக்கிறார். உங்கள் தங்கச்சி பேரில் இன்னும் டிக் விழவில்லை, கார் அனுப்பிக் கூட்டிவரட்டுமா என்று கேட்டிருக்கிறார். அண்ணி பக்கத்தில்தான் நின்றிருக்கிறார்கள்.

"வேண்டாமுங்க. அது நான் போயிக் கேக்காத ஓட்டு" என்று சொல்லி அண்ணன் போனை வைத்தாராம்.