மஞ்சள் தண்ணீரில் நனைந்த அளவு நூல்

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு நாலைந்து வருஷம் முந்தி, ஒரு தை மாதம், வெண்ணந்தூரில் நடந்தது இது. கொழும்பில் இருபத்து நாலு வருஷம் தையல்காரனாக இருந்துவிட்டு, நாற்பத்து மூன்றாவது வயதில் பெண்டாட்டியோடும் ஒரு தையல் மெஷினோடும் சொந்த ஊருக்கே நான் திரும்பி வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

எங்கள் அப்பா நெசவுக்காரர். தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு நாளெல்லாம் உட்கார என்னால் ஆகாது என்று பத்தொன்பது வயதில் கப்பலேறியவன் நான். கொழும்பில் துரைமாருக்குக் கோட்டுத் தைத்தேன். வியாபாரம் படுத்துப்போய் முதலாளி கடையைச் சாத்தினார். அந்த வயதில் புதிதாக எவன் கடையில் போய் நிற்பது? ஊருக்குப் போனால் ராஜாவாட்டம் இருக்கலாம், அங்கேதான் வேறு தையல்காரனே கிடையாதே என்று கிளம்பி வந்துவிட்டேன்.

ஏன் கிடையாது என்று யோசித்தேனா? இல்லை! ஆண்களுக்குத் தோளில் ஒரு துண்டு போதும். பெண்களில் பாதிப் பேர் ரவிக்கையே போடுவதில்லை. போட ஆசைப்படுகிற சின்ன வயதுப் பெண்களோ, ஓர் ஆண்பிள்ளை முன்னால் வந்து நின்று அளவு கொடுப்பார்களா? என் கூறுகெட்ட புத்திக்கு இதெல்லாம் மெஷினை இறக்கி வைத்த பிறகுதான் உறைத்தது.

பக்கத்து வீட்டு நெசவாளி என்னோடு ஒன்றாகத் திரிந்தவர். ஊரை விட்டு ஒரு நாளும் வெளியே போகாதவர். தினமும் காலையில் எட்டிப் பார்த்து, "ஏம்ப்பா, உன்ற மெசினுக்காவது ஒரு சட்டை தெச்சுப் போடு. சும்மா நின்னு குளுர்ல நடுங்குது பாரு" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கிணற்றுத் தவளைக்கு என்ன பேச்சு என்று மனசுக்குள் திட்டிக்கொள்வேன். தை முடிவதற்குள் பிழைப்பு வராவிட்டால் மெஷினை விற்றுவிட்டு, சேலத்தில் எவன் கடையிலாவது கூலிக்குத் தைக்கப் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

வழி கண்டுபிடித்தவள் என் மனைவி. நாலு இழை நூலை ஒன்றாக முறுக்கி எடுத்துக்கொண்டு அவளே வீடுகளுக்குப் போனாள். தோளுக்கு ஒரு முடிச்சு, கைக்கு ஒன்று, மார்புக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று. அந்த நூலைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தால் நான் முடிச்சைப் பார்த்துத் துணி வெட்டலாம். நல்ல யோசனைதான். ஆனாலும் முதலில் துணி கொடுக்கிற ஆள் வேண்டுமே.

அப்போதுதான் தோட்டத்துக்கார அம்மா ஒருவர் வந்தார். ஊருக்கு வெளியே நல்ல நிலபுலம் உள்ள குடும்பம். அவருடைய மகளைச் சேலத்தில் கொடுக்கிறார்கள். பெண் ரவிக்கை போட்டுத்தான் மணவறையில் உட்கார வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்களாம். என் மனைவி தோட்டத்துக்குப் போய் அளவெடுத்து முடிச்சுப் போட்டு, துணியோடு சேர்த்துக் கொடுக்கட்டும் என்று நூலை அங்கேயே வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் அந்த அம்மா, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எடுத்த சிவப்பு மில் துணியையும் அளவு நூலையும் வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். நூல் மஞ்சளாக இருந்தது. மங்கலமான முதல் வேலை என்று அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மனைவியும் பார்த்துச் சந்தோஷப்பட்டாள்.

கல்யாணத்துக்கு ஊரே வரும். இந்த ஒரு ரவிக்கை நன்றாக அமைந்தால் போதும், நான் ஊரிலேயே இருந்துவிடலாம். என் கொழும்புக் கைத்திறமையைக் காட்ட வேண்டும் என்று கச்சிதமாக வெட்டினேன். பின்னால் பிரித்துப் பெரிதாக்க உள்மடிப்பில் ஒரு நூல்கூட மிச்சம் விடவில்லை. அந்தத் திமிரை என்னவென்று சொல்ல!

கல்யாணத்துக்கு முந்தின நாள், உச்சி வெயிலில், அந்த அம்மா ரவிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு வேகு வேகென்று வந்தார்.

"ஏனுங்க, இப்படிப் பண்ணிப் போட்டீங்களே! கை நுழைய மாட்டேங்குது. எப்படியோ நுழைச்சா, தூக்க முடியலீங்க. நாளைக்கு என்ற பொண்ணு எப்படிங்க மாலை மாத்துவா?"

தலையில் கல்லைத் தூக்கிப் போட்டதுபோல் இருந்தது. துணியைப் பிரித்து முடிச்சுகளோடு வைத்துப் பார்த்தேன். நூலுக்குத் துணி மயிரிழை பிசகவில்லை. உடனே மனைவி மேல் பாய்ந்தேன். எங்கே முடிச்சுப் போட்டாய், உன் கண் எங்கே போயிற்று என்று அந்த அம்மா எதிரிலேயே கத்தினேன். "என்ற கண்ணு நல்லாத்தானுங்க இருக்குது" என்று சொல்லும்போதே அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு நெசவாளி உள்ளே வந்தார். நூலை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிப் பார்த்தார்.

"இதை நனைச்சது யாருங்க?"

"நாந்தானுங்க," என்றார் அந்த அம்மா. "கல்யாணக் காரியத்துக்கு வெறும் வெள்ளை நூலைக் குடுக்கலாமுங்களா? மஞ்சத் தண்ணியில முக்கிக் காய வெச்சுக் குடுத்தேன்."

நெசவாளி என் பக்கம் திரும்பினார். "முறுக்கின நூலு நனைஞ்சாச் சுருங்கும்னு எங்கூட்டுக் கோழிக்குக்கூடத் தெரியுமே. நெசவுக்காரன் மவன், உனக்குத் தெரியலையாப்பா?"

தெரியும்! சின்ன வயதில் தெரியும். அப்பாவிடம் அதற்காக அடிகூட வாங்கியிருக்கிறேன். இருபத்து நாலு வருஷம் நாடாவை வைத்து அளந்ததில் நூல் என்ன செய்யும் என்பதையே மறந்துபோயிருந்தேன். நூற்றுக்கணக்கான தறி ஓடுகிற ஊரில் அது தெரியாத ஒரே ஆள் நான்தான். மனைவியை ஏறிட்டுப் பார்க்க வெட்கமாக இருந்தது. "என் தப்புதான். உன்னைச் சொன்னது பெரிய தப்பு" என்றேன். அதைச் சொல்லவும் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

சரி, தப்புத் தெரிந்துவிட்டது. துணிக்கு எங்கே போவது? சேலம் போய்த் திரும்பி வருவதற்குள் பொழுது விடிந்துவிடும். அக்குளில் பக்கத்துக்கு ஒரு துண்டு கொடுத்தால் ரவிக்கை இளகும். ஆனால் சிவப்பாக ஓர் ஒட்டுத் துணிகூட என்னிடம் இல்லையே.

நெசவாளி என்னைக் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனார். தறியில் பாதி நெய்த சேலை. நெய்து உருளையில் சுற்றியிருந்ததைப் பிரித்தால் உள்ளே சிவப்பு முந்தானை. என் கையிலிருந்த கத்தரிக்கோலை வாங்கி, நான் "வேண்டாம், வேண்டாம்" என்று சொல்லச் சொல்ல, முந்தானையில் ஒரு சாண் அகலத்துக்கு நறுக்கென்று வெட்டினார். அந்தச் சேலையை இனி எந்தக் கடைக்காரன் வாங்குவான் என்று பதறினேன்.

"வாங்காட்டி எங்கூட்டுக்காரி கட்டிக்குவா. அவளுக்கும் புதுச்சீலை எடுத்து ரொம்ப நாளாச்சு" என்றார்.

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "முந்தானையில்லாச் சீலையா? நல்லா இருக்குது உங்க நாயம்!" ஆனால் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மெஷினில் உட்கார்ந்தேன். முதல் தையல் கோணிப்போயிற்று; பிரித்துவிட்டு மறுபடி போட்டேன். மடித்த துண்டை அக்குளில் முக்கோணமாக வைத்து, உள்ளே இரட்டைத் தையல் கொடுத்தேன். முடிந்ததும் மனைவியும் அந்த அம்மாவும் ரவிக்கையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினார்கள்.

நான் ஊரெல்லையில், வண்டிப்பாதையில் போய் நின்றேன். நெசவாளியும் தறியை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் நின்றார். மாடுகள் வீடு திரும்புகிற நேரம். கடைசியில் சோளக்காட்டு வளைவில் என் மனைவி தெரிந்தாள். அவ்வளவு தூரத்திலிருந்து கத்தினால் கேட்காது என்றோ என்னவோ, இரண்டு கையையும் தலைக்கு மேலே நன்றாகத் தூக்கிக் காட்டினாள்.

அப்பாடா! அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். "எந்திரிப்பா, மெசினுக்குக் குளுரும்" என்றார் பக்கத்தில் நின்றவர். அன்றைக்குத்தான் அந்தக் கேலிக்கு நான் சிரித்தேன்.

கல்யாணம் முடிந்து எட்டாம் நாள், தோட்டங்களிலிருந்து நாலைந்து பெண்கள் சேர்ந்தாற்போல் வந்து என் மனைவியைக் கூப்பிட்டார்கள். "அந்தப் பொண்ணு ரவுக்கையில கக்கத்துல துண்டு வெச்சீங்களாமே, அப்படியே எங்களுக்கும் வெச்சுக் குடுங்க. தலைச்சுமை தூக்க அதுதானுங்க தோது" என்றார்கள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நான் அவமானம் என்று நினைத்து ஒட்டுப் போட்டது, கையைத் தூக்கி வேலை செய்கிற பெண்களுக்கு வேண்டியதாக இருந்திருக்கிறது.

நான் சேலத்துக்குப் போகவில்லை. மெஷினையும் விற்கவில்லை. இப்போதெல்லாம் நூலை முதலில் மஞ்சள் தண்ணீரில் நனைத்து, நன்றாகக் காய வைத்து, அதற்குப் பிறகுதான் அளவெடுக்க மனைவியிடம் கொடுக்கிறேன். ஒவ்வொரு நூலையும் நனைக்கும்போது, கைத்திறமையைக் காட்ட வந்த எனக்குக் கற்றுக்கொடுத்து, திட்டாமல் சிரித்து, தறியிலிருந்தே வெட்டிக் கொடுத்து என்னைத் தன்னோடு வைத்துக்கொண்ட ஊர் இது என்று நினைத்துக்கொள்கிறேன்.