பின்பெட்டியில் தங்கையின் நகை

தானா ராத்தா டவுனுக்கு எட்டு மைல் இருக்கும்போது ஏற்றத்தில் என் கார் கொதித்து நின்றுவிடுகிறது. அறுபத்தெட்டாம் வருடத்துக் கார், பத்து வயதாகிறது. நாளை தங்கைக்குக் கல்யாணம். அவளுடைய நகை முழுவதும் பின்பெட்டியில், ஸ்பேர் டயருக்கு அடியில் துணியில் சுற்றியிருக்கிறது.

பானெட்டைத் தூக்கிவிட்டு ரேடியேட்டர் ஆறக் காத்திருக்கிறேன். நடுநடுவே பின்னால் போய்ப் பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்க்கிறேன். மணி மூன்றுதான். அதற்குள் தேயிலைச் சரிவிலிருந்து பனிமூட்டம் இறங்கி, பத்தடிக்கு அப்பால் எல்லாவற்றையும் மறைத்துவிடுகிறது.

கொழுந்துக் கூடையோடு ஒரு பெண் செடிகளுக்குள்ளிருந்து வந்து என் அருகில் நிற்கிறாள்.

"அண்ணே, பின்னால நகையா?"

எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. "யார் சொன்னது?"

"நீங்கதான் லா. நாலு தடவ போயி இழுத்துப் பாத்தீங்க. பனி மூடுறதுக்கு முன்ன நான் மேலேர்ந்து பாத்தேன். அவனும் பாத்தான்."

"எவன்?"

அவள் காரின் பின்பக்கத்தையே பார்க்கிறாள். நானும் எட்டிப் பார்க்கிறேன். வெறும் பனி.

"தண்ணிய ஊத்திட்டுக் கெளம்புங்கண்ணே. டவுன் போற வரைக்கும் எறங்காதீங்க."

தண்ணீர் ஊற்றிவிட்டுக் கிளம்புகிறேன்.

தானா ராத்தா பேருந்து நிலையத்துக்கு எதிரே நிறுத்திப் பெட்டியைத் திறக்கிறேன். நகை பத்திரமாக இருக்கிறது. மூடும்போதுதான் கவனிக்கிறேன். சாவித் துவாரத்தைச் சுற்றிப் பெயின்ட் சுரண்டப்பட்டு, தகரம் புதிதாக மின்னுகிறது. நாங்கள் பேசிக்கொண்டிருந்த அந்த நேரம் முழுவதும் அவன் காருக்குப் பின்னால் குனிந்திருந்திருக்கிறான். ஒரு சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை.