ஆணி இல்லாத நாற்காலி

இரண்டாயிரங்களில் ஒஸ்லோவில் எத்ருஸ்கர் கண்காட்சி ஒன்று நடந்தது. ரோமர்களுக்கு முன்பே இத்தாலியில் செழித்து, அவர்களுக்கு எழுத்து முதல் கோயில் கட்டும் முறை வரை கொடுத்தவர்கள் எத்ருஸ்கர். அதைத் தமிழ்ச் சனத்துக்கு விளக்க என்னைப் பிடித்திருந்தார்கள். எனக்குச் சுத்தியல் பிடிக்கத் தெரியாது; வாய் மட்டும் உண்டு.

எத்ருஸ்கரின் முறைப்படி அங்கே நாற்காலி செய்து வைத்தவர் ஒஸ்லோவின் ஓரத்து ரொம்சோஸிலிருந்து வரும் நம்மூர்த் தச்சர். நெடிய உருவம், நரைத்த புருவம். வந்தவர்கள் அதில் உட்கார்ந்து பார்க்கலாம்.

“ஒரு மரத்தின் நாக்கை இன்னொன்றின் துளையில் செருகி, மரமுளையால் இறுக்கியது. ஓர் ஆணிகூட இல்லை!” என்று நான் முழங்கும்போதெல்லாம், அவர் நாற்காலியின் பின்காலை உள்ளங்கையால் பொத்திக்கொள்வார்.

“என்ன அண்ணை, கதிரைக்கும் குளிருதோ?” என்று ஒருநாள் கேட்டேன்.

“பகிடி விடாதை தம்பி. ஹீற்றர் சூட்டிலை மரம் சுருங்கி மூட்டு ஆடினது. ஆரும் விழுந்திடுவினம் எண்டு ஒரு திருகாணி போட்டிட்டன். நீ இல்லை இல்லை எண்டு கத்தக் கத்த, அது எனக்குள்ளை ஏறுது.”

அடுத்த கூட்டத்தில் ஆணிப் பேச்சையே விழுங்கினேன். ஆனால் ஒரு பெண் விடவில்லை.

“இதிலை ஆணியே இல்லையாமே?”

நான் வாய் திறக்குமுன் தச்சர் பின்காலிலிருந்து கையை எடுத்தார். “ஒண்டு இருக்குப் பிள்ளை. நான் போட்டது.”

எல்லோரும் குனிந்து அந்த ஆணியைப் பார்த்தார்கள். அவர் அருமையாகப் பொருத்திய மூட்டுகளை ஒருவரும் பார்க்கவில்லை. அவரோ சிரித்துக்கொண்டே ஜாக்கெட்டை மாட்டி வீட்டுக்குப் போனார். ஆணி என்னோடு வந்துவிட்டது. இன்றும் மேடையில் “ஒன்றுகூட இல்லை” என்று தொடங்கினால், என் கை எதையாவது பொத்தத் தேடுகிறது.