முதல் தாம்பூலம்

மாதனூர் பக்கத்தில் எங்கள் ஊர். சமுதாயக் கூடத்தில் கரண்ட் போனால் அங்கே ஓடுவது ஒருவருடைய ஜெனரேட்டர்தான். அவர் உறவில்லை, ஊர் முறையில் எனக்குப் பெரியப்பா. எந்தக் கல்யாணத்துக்கும் முதல் தாம்பூலம் வைத்து அவரைத்தான் அழைக்க வேண்டும். அக்கா கல்யாணத்துக்கு அப்பா தன் கூடப் பிறந்த அக்காவுக்கு முதலில் வைத்துவிட்டார்.

விடிவதற்கு முன்பே முகூர்த்தம். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்ததும் பெரியப்பா ஜெனரேட்டரை நிறுத்தினார்.

"மொதல்ல யாருக்கு வெச்சீங்களோ, அவங்ககிட்ட வெளிச்சம் கேளுங்க."

செல்போன் வெளிச்சத்தில்தான் தாலி ஏறியது. தாலி கட்டும் படம் ஒன்றுகூடத் தெளிவாக விழவில்லை. அக்கா அழுதாள். நான் அழவில்லை, கறுவிக்கொண்டேன்.

எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்து சோலார் மாட்டும் கம்பெனியில் சேர்ந்தேன். எங்கள் கூடத்துக்கே சோலார் வந்தபோது அந்த வேலையைக் கேட்டு வாங்கினேன். திட்டத்தில் பேட்டரி இல்லை. பேட்டரியும் வேண்டும் என்று ஊர்க் கூட்டத்தில் பிடிவாதமாக நின்றேன். பெரியப்பா சிரித்தார்.

"சூரியனே எழுந்திருக்காத நேரத்துல இன்னாம்மா சூரிய கரண்ட்டு?"

"அதுக்குத்தான் பெரியப்பா பேட்டரி. நம்மூர்ல முகூர்த்தமெல்லாம் இருட்டுலதானே வருது."

பெண்கள் எல்லோரும் ஆமாம் என்றார்கள். பேட்டரி வந்தது. பேட்டரி அறைச் சாவி என்னிடம் வந்தது.

அடுத்த தை மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம். ஜெனரேட்டர் அதற்குள் துருப்பிடித்துவிட்டது. முதல் தாம்பூலத் தட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். வேண்டுமென்றே வாசலில் நிற்க வைத்தேன். நன்றாக இருந்தது.

"பழச மனசுல வெச்சுக்காதம்மா. பொண்ணு கல்யாணம்."

"எங்க அக்காவும் பொண்ணுதான் பெரியப்பா." தட்டை வாங்கிக்கொண்டேன்.

அன்றும் முகூர்த்த நேரத்தில் தெருவிளக்குகள் அணைந்தன. கூடம் மட்டும் வெளிச்சமாக இருந்தது. நான் சாவியோடு பேட்டரி அறை வாசலில் நின்றேன். மணமேடையிலிருந்தே அவர் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். அணைக்க ஒரு விரல் போதும். அணைக்கவில்லை. தாலி ஏறும்வரை அவர் பயந்து நிற்கட்டும் என்று அங்கிருந்து நகரவும் இல்லை.

பிறகு ஆல்பத்தைக் காட்ட அவரே வந்தார். அக்காவும் வந்திருந்தாள். தாலி கட்டும் படத்தில் நிறுத்தி, மணப்பெண்ணின் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள்.

"நானும் இப்பிடித்தான் இருந்திருப்பேனா பெரியப்பா?" என்று கேட்டாள்.

அவர் ஆல்பத்தை மூடவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார்.