துறையூரில் ஒலித்த என் டிரம்ஸ்

"இதைக் காதுல மாட்டிக்குங்க. உள்ள டக் டக்னு ஒரு சத்தம் வந்துக்கிட்டே இருக்கும். அதோட சேர்ந்து அடிச்சாப் போதும்" என்று சொல்லி அண்ணன் ஒரு கறுப்பு இயர்போனை என்னிடம் நீட்டினார்.

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. நான் டிரம்ஸ் வாசிக்கிற மெல்லிசைக் குழுவை நடத்துகிறவர். கீபோர்டு அவர்தான். பாடுவதற்கு ஒரு அக்காவும் ஒரு ஆண் பாடகரும் இருக்கிறார்கள். கல்யாண ரிசப்ஷன், காதுகுத்து, கோயில் திருவிழா என்று திருச்சியைச் சுற்றி எங்கே கூப்பிட்டாலும் போவோம். மற்ற நாட்களில் நான் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு கடையில் ஃப்ளெக்ஸ் பேனர் டிசைன் பண்ணுகிறேன். வீடு ஸ்ரீரங்கத்தில்.

"திடீர்னு எதுக்குண்ணே இது?"

"இப்ப எல்லா ட்ரூப்லயும் இப்படித்தாங்க வாசிக்கிறாங்க."

"இத்தனை வருஷம் இது இல்லாமத்தானே வாசிச்சோம்?"

"பழகிக்கிட்டா உங்களுக்கும் நல்லதுதாங்க" என்று சொல்லிவிட்டு மேஜைமேல் இருந்த லேப்டாப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த லேப்டாப்பும் எங்களுக்குப் புதுசு, யாரிடமோ பழசாக வாங்கியது. அதுவரை எங்கள் ரிகர்சல் அறையில் அப்படி ஒன்று இருந்ததில்லை.

என்னிடம் ஒரு குறை உண்டு. நான் யாரிடமும் முறையாகக் கற்றுக்கொண்டவன் இல்லை. கல்லூரி விழாக்களில் வாசிப்பவர்களைப் பார்த்துப் பார்த்துக் கை பழகியது. அதனால் கூட்டம் கைதட்ட ஆரம்பித்தால் என் கை ஓட ஆரம்பித்துவிடும். நிதானமாகத் தொடங்கிய பாட்டு முடிகிறபோது மூச்சிரைக்கும். பாடுகிற அக்கா கடைசிச் சரணத்தில் வார்த்தைகளை விழுங்கிப் பாடுவதை நான் கவனித்திருக்கிறேன். குழுவில் எல்லோருக்கும் இது தெரியும், யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அதனால் அந்த இயர்போனை அவர் நீட்டியபோது, இத்தனை நாள் சொல்லாததை இப்போது சொல்கிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

மாட்டிக்கொண்டு வாசித்துப் பார்த்தேன். முதல் பல்லவி முடிவதற்குள் அந்த டக் டக் எனக்குப் பின்னால் எங்கேயோ தனியாக வந்துகொண்டிருந்தது. நிறுத்தினேன். மறுபடி தொடங்கினோம். மறுபடியும் அதேதான். அண்ணன் கோபப்படவில்லை. "பரவாயில்லைங்க, மெதுவா வரும்" என்றார். கோபப்பட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் ஒரு ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனில் இருக்கிறாள். நாள் முழுக்க மனிதர்களின் முகத்தைப் பார்த்துப் பேசுகிற வேலை.

"உங்களை அவர் 'வாடா, போடா'ன்னுதானே கூப்பிடுவாரு? இப்ப என்ன வாங்க, போங்க?" என்று கேட்டாள்.

அதுவரை எனக்கு அது உறைக்கவே இல்லை. யோசித்துப் பார்த்தால், இரண்டு மூன்று மாதமாகவே அவர் பேச்சில் அந்த 'ங்க' வந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"எங்க ஆஸ்பத்திரியில யாரையாவது வேலையை விட்டு அனுப்பறதுன்னா, அதுக்கு முன்னால மேனேஜர் இப்படித்தான் மரியாதையாப் பேச ஆரம்பிப்பாரு" என்று சொல்லிவிட்டு அவள் குக்கரை இறக்கப் போனாள்.

அடுத்த ரிகர்சலுக்கு நான் போனபோது மற்ற இருவரும் வரவில்லை. அண்ணன் மட்டும் மைக்குகளை என் டிரம்ஸைச் சுற்றி நிறுத்திவைத்துக் காத்திருந்தார்.

"ஸ்நேரை மட்டும் ஒருதரம் அடிங்க. நிறுத்தி நிறுத்தி. இப்ப கொஞ்சம் மெல்லமா. இப்ப பலமா."

ஸ்நேர் என்பது முழங்கால்களுக்கு நடுவே இருக்கிற டிரம். அடித்தால் சுளீரென்று கேட்கும். அடித்தேன். பிறகு காலால் அடிக்கிற பெரிய டிரம், பிறகு பித்தளைத் தட்டுகள் ஒவ்வொன்றாக. ஒவ்வொரு சத்தத்தையும் தனித்தனியாக லேப்டாப்பில் பதிந்துகொண்டார்.

"எதுக்குண்ணே?"

"சும்மா, ஒரு ரெக்கார்டுக்கு இருக்கட்டுமேன்னுதான்."

சும்மா என்று சொல்லிக்கொண்டு ஒரு மனிதர் அவ்வளவு நேரம் எதையும் செய்யமாட்டார். என் கண்ணைப் பார்க்காமல்தான் பதில் சொன்னார். இடது கையைப் பேண்ட் பாக்கெட்டிலேயே வைத்திருந்தார். அதையும் நான் கவனித்தேன். எதையோ மறைக்கிறவர் நிற்கிற விதம் அது என்று நினைத்துக்கொண்டேன்.

சண்டை போடலாம் என்று தோன்றியது. போட்டால், "உன் வேகம் ஏறுது, அதனாலதான்" என்று அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். அந்த வார்த்தைக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். பயிற்சியைத் தொடங்கியது அப்படித்தான். ஆசையில் இல்லை, பயத்தில்.

ஃப்ளெக்ஸ் கடைச் சாவி என்னிடம்தான் இருக்கும். காலையில் கடை திறக்கும் நேரத்துக்கு முன்பே போய் ஷட்டரைப் பாதி இறக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெட்டி எறிந்த ஃப்ளெக்ஸ் துண்டுகளை நாலைந்தாக அடுக்கி, மேலே ஒரு ரப்பர் ஷீட்டை ஒட்டி, அதையே டிரம்மாக வைத்துக்கொண்டேன். போனில் டக் டக் சத்தம் தருகிற ஒரு ஆப். மிக மெதுவான வேகத்தில் வைத்து, வலது, இடது, வலது, இடது என்று அடிக்க ஆரம்பித்தேன்.

வேகமாக அடிப்பதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். மெதுவாக அடிக்கும்போதுதான் என் கை எவ்வளவு பொய் சொல்லியிருக்கிறது என்று தெரிந்தது. இரண்டு டக்குகளுக்கு நடுவே இருக்கிற வெறுமையில் கை பொறுக்காமல் முந்திக்கொண்டு விழுந்தது. இடது கை அடி, வலது கையின் நிழல் மாதிரி சோகையாகக் கேட்டது. இரண்டு குச்சியையும் மாற்றி மாற்றி உருட்டி அடிக்கிற வேகமான ரோல்களில் இதையெல்லாம் மூடி மறைத்துக்கொண்டே இத்தனை மேடை ஏறியிருக்கிறேன்.

அதனால் இடது கைக்கு மட்டும் தனியாகப் பயிற்சி கொடுத்தேன். குச்சியை இறுக்கிப் பிடித்தால் முன்கை கடுக்கும். தளர்த்திப் பிடித்தால் குச்சி தானே துள்ளி எழும், அந்தத் துள்ளலை விரலால் வாங்கிக்கொள்ள வேண்டும். சில வாரங்களில் அது பிடிபட்டது. ஒரு நாள் காலை, போனில் டக் டக் திடீரென்று நின்றுவிட்டதாக நினைத்துக் குனிந்து பார்த்தேன். நிற்கவில்லை. என் அடி அதன் தலைமேலேயே சரியாக விழுந்துகொண்டிருந்ததால் அது காதில் விழவில்லை. தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

அந்தச் சந்தோஷம் அன்று டீக்கடை வரைக்கும்தான் நீடித்தது. வேறொரு குழுவில் வாசிக்கிற ஒருவர் கிளாஸோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"துறையூர்ல உங்க ட்ரூப் புரோகிராம் ரொம்ப நல்லா இருந்துச்சாமே?"

"துறையூரா? எப்ப?"

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டவர்போல டீயை ஊதினார். பிறகு தன் போனை எடுத்து யாரோ அனுப்பியிருந்த வீடியோவைக் காட்டினார். ஏதோ ஒரு வீட்டு விசேஷம். சின்ன மேடை. அண்ணன் கீபோர்டில் நிற்கிறார், அக்கா பாடுகிறார். டிரம்ஸ் இல்லை, வாசிக்கிறவனும் இல்லை. ஆனால் டிரம்ஸ் சத்தம் மட்டும் கேட்கிறது.

போனைக் காதோடு வைத்துக் கேட்டேன். என் ஸ்நேரின் விளிம்பு ஒரு பக்கம் லேசாக நெளிந்திருக்கும். அதனால் ஒவ்வொரு அடிக்குப் பின்னாலும் தகரம் அதிர்கிற மாதிரி ஒரு சின்ன ஒலி இழுபடும். அந்த இழுப்பு வீடியோவில் இருந்தது. நான் ஸ்ரீரங்கத்தில் என் வீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு நாளில், என் டிரம்ஸ் துறையூரில் வாசித்திருக்கிறது. அதுவும் வேகம் ஏறாமல், என்னைவிட ஒழுங்காக.

"நேரா போய்க் கேளுங்க" என்றாள் மனைவி.

"கேக்க மாட்டேன். முசிறி ரிசப்ஷனுக்கு ஒத்துக்கிட்டாச்சு. அதை வாசிச்சு முடிச்சுட்டு நானே விலகிக்கறேன். அவர் போகச் சொல்றதுக்கு முன்னால நான் போயிடணும்."

முசிறியில் மண்டபம் நிறையக் கூட்டம். நான் இயர்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அண்ணன் வழக்கம்போல என் இடது பக்கம். ஆனால் கீபோர்டுக்கும் எனக்கும் நடுவே ஒரு துணியைத் தொங்கவிட்டு அவர் கை தெரியாதபடி மறைத்திருந்தார். "வெளிச்சம் கண்ணுல அடிக்குது" என்று அக்காவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. துணி தொங்கிய பக்கத்தில் விளக்கே இல்லை.

நாலைந்து பாட்டு நன்றாகப் போனது. பயிற்சி வீண் போகவில்லை, டக் டக்கோடு ஒட்டியே வாசித்தேன். அதன்பின் ஒரு பாட்டுக்கு நடுவே கரண்ட் போனது. விளக்கு, மைக், கீபோர்டு எல்லாம் ஒரே நேரத்தில் செத்தன. பேட்டரி நிற்காத அந்தப் பழைய லேப்டாப்பும் அணைந்து, காதில் இருந்த டக் டக்கும் நின்றது. அந்த இருட்டில் மிச்சமிருந்தது என் டிரம்ஸ் மட்டும்தான். அதற்குக் கரண்ட் வேண்டாமே.

நிறுத்தியிருக்கலாம். ஆனால் கை நிற்கவில்லை. கூட்டம் ஓவென்று கத்திவிட்டு, பிறகு என் அடிக்குக் கைதட்ட ஆரம்பித்தது. நான் பயந்தது அந்தக் கைதட்டலுக்குத்தான். கை ஓடிவிடும் என்று காத்திருந்தேன். ஓடவில்லை. ஷட்டர் பாதி இறங்கிய கடையில் அடித்த அதே அடி, அதே வெறுமை, அதற்குப் பிறகு அடுத்த அடி. கொஞ்ச நேரத்தில் கூட்டத்தின் கைதட்டல்தான் என்னோடு சேர்ந்துகொண்டது. அக்கா மைக் இல்லாமலே விட்ட இடத்திலிருந்து பாடினார்.

ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. விளக்கும் மைக்கும் கீபோர்டும் வந்துவிட்டன. லேப்டாப் மட்டும் இன்னும் விழித்துக்கொள்ளவில்லை. அண்ணன் வாசிக்கத் தொடங்கினார். பாட்டின் மேல்பாகம் மட்டும்தான் கேட்டது. அடியில் தாங்கிப் பிடிக்க வேண்டிய, இடது கையால் வாசிக்கிற சுரங்கள் வரவில்லை. இருட்டில் யாரோ இடித்ததில் அந்தத் துணி சரிந்து விழுந்திருந்தது. திரும்பிப் பார்த்தேன்.

அவருடைய இடது கை கீபோர்டின் மேல்தான் இருந்தது. கடைசி இரண்டு விரல்களும் உள்ளே மடங்கிக் கிடந்தன. மற்ற விரல்களால் அவர் அழுத்திப் பார்க்கிறார், அவை நேரத்துக்கு வரவில்லை. அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் திட்டம் எதுவும் இல்லை. பரீட்சையில் மாட்டிக்கொண்ட பையனின் முகம்தான் இருந்தது.

காலால் அடிக்கிற டிரம்மைக் கொஞ்சம் கூட்டி, அடிப்பாகம் காலியாகத் தெரியாதபடி நிரப்பி வாசித்தேன். பாட்டு முடிந்தது. கேட்டவர்களுக்கு எதுவும் தெரியவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்க முடியாமல் என் பக்கம் நகர்த்தினார். திறந்து கொடுத்தேன்.

"முழங்கையில நரம்பு அழுந்துதாம். ஆபரேஷன் பண்ணணுங்கறாங்க. பண்ணினாலும் முழுசா வருமான்னு தெரியாதாம். நான் வாசிக்க வேண்டிய இடது கைப் பகுதியைத்தான் லேப்டாப்ல ஏத்தி வச்சிருக்கேன். அது ஒரே வேகத்துலதான் போகும். அதனாலதான் உன்னையும் அந்த டக் டக்கோட வாசிக்கச் சொன்னேன்." அந்த 'ங்க' அவர் பேச்சிலிருந்து உதிர்ந்து போயிருந்தது.

"துறையூர்?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் இலையில் இருந்த அப்பளத்தை நொறுக்கினார்.

"உன்கிட்ட பொய் சொல்ல வேண்டாம். கை மொத்தமாப் போயிட்டா, மெஷினை வச்சுத் தனியாவே ஓட்ட முடியுமான்னு பார்த்தேன். அதுக்குத்தான் உன் டிரம்ஸைத் தனித்தனியா எடுத்தேன். உன்னைக் கூட்டிட்டுப் போனா பக்கத்துல உக்காருவ, கையைப் பார்த்துடுவ."

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே அண்ணே."

"கேட்டா, எதுக்குன்னு கேப்ப."

எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. நான் சந்தேகப்பட்டது தப்பு என்று ஆகியிருந்தால் மன்னிப்புக் கேட்டு முடித்திருப்பேன். பாதி சரியாக இருந்ததால் என்ன செய்வதென்று தெரியாமல் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். விலகப் போகிறேன் என்று சொல்லத்தான் நிமிர்ந்தேன். "ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீங்க" என்றுதான் வாயில் வந்தது.

பண்ணிக்கொண்டார். மடங்கிய விரல்கள் இப்போது கொஞ்சம் நிமிர்கின்றன. மேடையில் இடது கைப் பகுதியை இன்னும் லேப்டாப்தான் வாசிக்கிறது. நான் கடைக்குச் சீக்கிரம் போய் அடிப்பதை விடவில்லை. இப்போது பயத்துக்காக இல்லை, போகாத நாட்களில் கை துறுதுறு என்கிறது.

ஆபரேஷனுக்கு முன்பு ஒரு ரிகர்சலில் அண்ணன் எல்லோரிடமும் விஷயத்தைச் சொன்னார். ஆண் பாடகர் பதறிப்போய் எழுந்துவிட்டார். அக்கா மட்டும் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

"உங்களுக்கு முன்னாலேயே தெரியுமாக்கா?" என்று கேட்டேன்.

"தெரியுங்க. அவருதான் யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்னாரு."

துறையூர் மேடையில் என் டிரம்ஸ் சத்தத்தோடு பாடியவர் அவர்தான். "வேற என்னெல்லாம் தெரியும்?"

அக்கா சிரித்தார். நான் வேடிக்கையாகக் கேட்டதாக நினைத்துவிட்டார். நான் குச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு, பாட்டைத் தொடங்க அண்ணன் தலையசைப்பதற்காகக் காத்திருந்தேன்.