பல் பிடுங்கிய அன்று அம்மா சொன்ன பொய்

என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்குமுன் முத்தியால்பேட்டை பல் டாக்டர், "இதயத்துல ஏதாச்சும் கோளாறு இருக்கா?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற அம்மா, "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, கல்லு மாதிரி இருக்கா" என்றாள்.

கொஞ்ச நாளில் காய்ச்சல் பிடித்தது. டைபாய்டு என்று மாத்திரை தின்றே பி.எஸ்சி. பரீட்சை போயிற்று. கடைசியில் பெரியாஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்தார்கள். வாயில் இருக்கும் ஏதோ அபூர்வக் கிருமி, பல் பிடுங்கிய புண் வழியே போய் என் இதய வால்வைப் பிடித்திருந்தது.

"பழுதான வால்வுலதான் பெரும்பாலும் இது ஒட்டும். சின்ன வயசுல வால்வுல கோளாறுன்னு யாராவது சொன்னாங்களாம்மா?" என்றார் அங்கிருந்த டாக்டர்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "சொன்னாங்க. வெளிய தெரிஞ்சா இவள யாரு கட்டிப்பான்னுதான்..."

"செத்துட்டா மட்டும் கட்டிப்பானா?" என்று கத்தினேன். ஊருக்கு மறைத்தது போகட்டும், எனக்குமா மறைப்பது? முன்கூட்டியே சொல்லியிருந்தால் மருந்து கொடுத்துவிட்டுப் பல்லை எடுத்திருப்பார்களாம்.

வாரக்கணக்கில் ஊசி போட்டுப் பிழைத்தேன். இப்போது எந்த டாக்டர் முன் உட்கார்ந்தாலும் என் முதல் பேச்சே வால்வுதான். பெண் பார்க்க வந்தவர்களிடமும் காபியை நீட்டுமுன் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அம்மா என்னோடு பேசுவதில்லை. பேச வேண்டிய இடத்தில் பேசாதவள்தானே!